ஒரே தரிசனம்

கேள்வி: எங்கள் சிறிய சபையில் ஆளுக்கொரு எண்ணம். பொதுவான தரிசனம் அவ்வளவு அவசியமா? (வாசகர், தெல்தெனிய)

பதில்: மிக அவசியம். 1854இல் உங்கள் கண்டிப் பிரதேசத்தில் உதயமான தமிழ்க் கூலி மிஷனை நினைத்துப் பாருங்கள். கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழருக்கு அவர்தம் தாய்மொழியிலேயே சுவிசேஷம் சேரவேண்டும் என்ற ஒரே சங்கற்பத்தினால் உந்தப்பட்டு, மிஷனரிமாரும் தோட்டத் துரைமார் சிலரும் திருநெல்வேலியிலிருந்து கடல் கடந்து வந்த உபதேசிமாரும், அந்தஸ்திலும் பாஷையிலும் வேறுபட்டிருந்தும், ஒரே ஊழியத்தில் இணைந்தனர். அவர்களுள் உபதேசிமாரின் பங்கே பெரிதென்பது என் துணிபு. அபிப்பிராய பேதம் இராமற்போகாது, அதற்காக அஞ்சவேண்டாம். யாருக்காக இச்சபை இங்கே நிற்கிறது என்ற வினாவை, ஆராதனைக்குப் பின் அனைவரும் அமர்ந்து, இளைஞரையும் பெண்களையும் முதலில் பேசவிட்டு, பொறுமையாய் ஆலோசியுங்கள்.