கதிர் உருக்கும், காற்றே அறுக்கும்

செமிலிங் வட்டாரத்துச் சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், பழங்கால இரும்பு உலைகளும், அவற்றுள் காற்றைச் செலுத்திய களிமண் குழல்களும், கல்லாய் இறுகிய கசடுகளும் ஏராளமாய் வெளிப்பட்டன. காற்றை ஆளத் தெரிந்தவனுக்கே இரும்பு வசப்படும் என்பதை இம்மண்ணில் வாழ்ந்தோர் அன்றே அறிந்திருந்தனர். லேசர் கதிரால் தகடு அறுக்கும் இன்றைய தொழிலுக்கும் இது பொருந்தும். தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் ஆலை வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம்.

குவிக்கப்பட்ட கதிர் இரும்பை உருக்கிவிடும். அதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஆயினும் உருகியது அகலாவிடில் அங்கேயே ஆறி மீண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல்நாள் ஒட்டுப்பாலை இழுத்தெடுக்காமல் மறுநாள் பால் வெட்ட இயலுமா? ஆகவே, கதிர் இறங்கும் அதே குழல்வாயின் வழியே வாயுவும் விரைந்து பாய்ந்து, உருகிய உலோகத்தைப் பிளவின் அடிப்புறமாக வெளியே தள்ளுகிறது. 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹூல்ட்கிராஃப்ட் என்பார் கதிரோடு பிராணவாயுவையும் செலுத்தி, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டினார். அவர் பயன்படுத்திய கரியமிலவாயு லேசரை 1964இல் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல்.

எல்லா உலோகத்திற்கும் ஒரே வாயு உதவாது. சாதாரண எஃகில் பிராணவாயு இரும்பையே எரித்துக் கூடுதல் வெப்பம் தரும். கசடும் இளகி எளிதில் வழியும். எவர்சில்வரிலோ குரோமியம் கலந்திருப்பதால் கசடு கெட்டியாகி அடியில் தொங்கும். அதற்கு நைட்ரஜனைப் பெரும்பாலும் 10 வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் செலுத்துவர். அது எதனையும் எரிப்பதில்லை. தள்ளும் விசையே அதன் வேலை. அறுத்த விளிம்பும் பளபளப்பாயிருக்கும்.

அடியில் கசடு ஒட்டினால், வாயுவைக் கூட்டினால் போதுமென்று நினைப்பவர் பலர். பிராணவாயு மிகுந்தால் விளிம்பு கருகிக் குழிவிழும். குழல்வாய் நசுங்கியுள்ளதா, கதிர் சரியாகக் குவிகிறதா, வேகம் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொத்தானை மட்டும் அழுத்துவோனுக்கும் தொழில் கற்றோனுக்கும் வேறுபாடு இங்கேதான். இவற்றைப் பாராதவன், கசடைத் தேய்த்தெடுப்பதிலேயே நாளைக் கழிப்பான்.

உடையிலுள்ள தூசியைப் பிராணவாயுவால் ஊதித் தட்டுதல் ஆகாது. அது துணியில் தங்கினால் ஒரு பொறியே உடலை எரித்துவிடும். நைட்ரஜனுக்கு மணமில்லை. மூடிய அறையில் அது கசிந்தால், மூச்சு முட்டுவதை உணருமுன்பே மயக்கம் வந்துவிடும்.