பனி இயந்திரத்துக்கு எந்தச் சப்பாத்து?

எங்கள் வீட்டு டிரைவ்வேயின் வலது ஓரத்தில் ஓர் இன்டர்லொக் கல்லின் மூலை உடைந்து கிடக்கிறது. உடைத்தவன் நான்தான். புது ஸ்னோ புளோவரைப் பெட்டியிலிருந்து எடுத்து, எண்ணெய் பார்த்து, பெற்றோல் ஊற்றி, அன்றிரவு கொட்டிய பனிக்குள் அப்படியே இறக்கினேன். கையேட்டில் ‘ஸ்கிட் ஷூ’ என்று ஒரு பக்கம் இருந்தது. இயந்திரத்தின் சப்பாத்தைப் பற்றி யார் வாசித்துக்கொண்டிருப்பது? பத்து நிமிடம் போயிருக்காது, ‘டங்’ என்றது.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் எங்கள் ஆட்கள் இந்த இயந்திரம் வாங்கும் விதம் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன வைத்திருக்கிறார், எங்கே மலிவு விற்பனை, எத்தனை அங்குல அகலம். மாமா ஒருவர் வந்து, 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் ரொறன்ரோவுக்குப் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட கதையைச் சொல்லி, 30 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்கச் சொல்வார். தரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தார் போட்ட வாசலுக்கும் கிறவல் வாசலுக்கும் ஒரே இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றில் அதன் அடி தரையிலிருந்து 3 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும், மற்றதில் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர். அதை மாற்றாமல் ஓட்டினால் கல்லோ இரும்போ ஏதாவதொன்று உடையும்.

முதலில் இயந்திரங்களைப் பிரித்துக்கொள்வோம். ‘சிங்கிள் ஸ்ரேஜ்’ என்பது சின்னது. ஒரே சுழலி, அதிலுள்ள இறப்பர்த் துடுப்புகள் தரையைத் தொட்டே சுழலும், பனியை அள்ளி நேரே வெளியே எறியும். பற்றறியில் ஓடுபவையில் பல இந்த வகைதான். இதற்குச் சப்பாத்து கிடையாது, உயரமும் மாற்ற முடியாது. தார், சீமெந்து போன்ற சமதரையில், 15, 20 சென்ரிமீற்றர் வரையான பனிக்கு இதைப்போல் சுத்தமாக வழிப்பது வேறில்லை. கிறவலில் மட்டும் தொடவே கூடாது. துடுப்பு பனியையும் கல்லையும் பிரித்துப் பார்க்காது. கல் யன்னலுக்கோ பிள்ளையின் கண்ணுக்கோ போகும்.

‘ரூ ஸ்ரேஜ்’ வேறு பிறவி. முன்னால் இரும்புத் திருகு பனியை நடுவுக்கு இழுக்கும், பின்னால் உள்ள விசிறி அதைக் குழலால் தூக்கி எறியும். திருகு தரையைத் தொடாது. திருகு இருக்கும் வாளியின் இரு பக்கமும் போல்ற் போட்டு மாட்டிய இரண்டு இரும்புத் தகடுகள் அதன் எடையைத் தாங்கி வழுக்கிச் செல்லும். அவைதான் சப்பாத்துகள். வாளியின் அடியில், சப்பாத்துகளுக்குக் கொஞ்சம் பின்னால், குறுக்கே கிடப்பது ஸ்கிரேப்பர் பார் என்ற சுரண்டுபட்டை. சப்பாத்தை இறக்கினால் பட்டை தரையை விட்டு உயரும். ஏற்றினால் பட்டை தரையை நெருங்கும். மூன்று கட்ட இயந்திரமும் இதே முறைதான், உள்ளே பனியைப் பிசைந்து தள்ள இன்னொரு சுழலி உண்டு, அவ்வளவே.

இனித் தரை.

தார் வாசல் இருப்பவருக்குக் கவலை குறைவு. இடைவெளி 3 மில்லிமீற்றர் போதும். மெல்லிய பனிப்படலம் மிஞ்சினாலும் கறுப்புத் தரை வெயிலை வாங்கி மத்தியானத்துக்குள் உருக்கிவிடும். குளிரில் தார் இறுகிக் கிடப்பதால் இரும்புச் சப்பாத்தும் பெரிதாகக் காயப்படுத்தாது. வெடிப்புகளின் விளிம்பு மேலே எழும்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைக் கோடையிலேயே அடைக்க வேண்டும்.

சீமெந்துத் தரை பலமானது, ஆனால் அழகு சீக்கிரம் கெடும். இரும்புச் சப்பாத்து வெள்ளைத் தரையில் கோடு இழுக்கும். அந்தக் கோட்டில் துரு இறங்கினால் வசந்தத்தில் மஞ்சள் கறையாகச் சிரிக்கும். அச்சுப் பதித்து மேலே பூச்சு பூசிய தரையென்றால் பூச்சும் போகும். இங்கே உரப்பான பிளாஸ்ரிக்கில் செய்த சப்பாத்து வாங்கி மாட்டுவதே முறை. துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கடந்த கோடையில்தான் சீமெந்து போட்டீர்களானால் முதற்குளிருக்கு உப்புப் போடாதீர்கள், மேற்தோல் உரியும். வழுக்கினால் மணல் தூவலாம்.

இன்டர்லொக்தான் எங்கள் வீடுகளில் சிக்கலான தரை. அது பார்வைக்குச் சமதரை. மண்ணுக்குள் ஈரம் உறைந்து வீங்கும்போது அங்கொன்று இங்கொன்றாகக் கல் எழும்பும். நவம்பரில் சரியாக இருந்தது பெப்ரவரியில் இருக்காது. சுரண்டுபட்டை அந்த விளிம்பில் மாட்டினால் கல் உடையும் அல்லது பெயரும். ஆகவே 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விடுங்கள், நான் 10 விடுகிறேன். பிளாஸ்ரிக் சப்பாத்து கட்டாயம். சப்பாத்தின் முன் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்தது விளிம்பில் ஏறி இறங்கும், தட்டையானது முட்டிக்கொள்ளும். சின்ன இறப்பர்த் துடுப்பு இயந்திரம் இங்கே நல்ல தெரிவு. பனி குறைவான நாட்களில் நான் அதையே எடுக்கிறேன்.

இதில் எவரும் எனக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. இங்கே பல வீடுகளில் நடுவில் தார், இரு ஓரமும் ஒன்றரை அடிக்கு இன்டர்லொக். காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது செருப்புச் சேறாகக் கூடாதென்று போட்டது. சப்பாத்து இருப்பதோ வாளியின் ஓரத்தில். ஓரமாக ஒரு தடவை ஓட்டினால் இயந்திரத்தின் முன்பாரம் சரியாக அந்தக் கல் வரிசையின் மேல் ஏறும். நடுவிலுள்ள தாரைப் பார்த்து 3 மில்லிமீற்றர் வைத்தவர் ஓரத்தை உடைப்பார். எதையும் வைக்காமல் ஓட்டிய நான் உடைத்ததும் அந்த ஓரத்தைத்தான். இரண்டு வகைத் தரை இருந்தால் மோசமான தரைக்கே உயரம் வையுங்கள்; மற்றதில் மிஞ்சுவதை ஷவலால் வழித்தால் போச்சு.

கிறவல் வாசல் நகருக்குள் அருமை. வடக்கே ஏரிக்கரைப் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு அது அன்றாடப் பிரச்சினை. சப்பாத்தை முழுக்க இறக்குங்கள்: 1 அங்குலம், ஒன்றேகால் அங்குலம்கூட விடலாம். இரும்புச் சப்பாத்தே இங்கே தாக்குப்பிடிக்கும், நீளமும் அகலமும் கூடியதாக இருந்தால் கல்லுக்குள் புதையாது. அதற்குமேல் பொறுமை வேண்டும். தரை இறுகுமுன் விழும் முதல் ஒன்றிரண்டு பனியைத் தள்ளவே வேண்டாம். காரை அதன்மேல் ஏற்றி இறக்கி மிதித்து விடுங்கள். அது உறைந்து கல்லின் மேல் ஒரு மூடியாகிவிடும். பிறகு குளிர்காலம் முழுவதும் அந்த மூடிக்கு மேலேதான் இயந்திரம் ஓடும். எறிகுழலின் மூக்கைத் தாழ்த்தி, ஆளோ காரோ யன்னலோ இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். இவ்வளவு செய்தும் புல்வெளிக்குக் கொஞ்சக் கல் போகத்தான் செய்யும். மே மாதம் புல்வெட்டி அதைக் கண்டுபிடிக்குமுன் வாரி எடுத்துவிடுங்கள்.

சரிவான வாசலென்றால் சக்கரம் தானே உருளும் ரூ ஸ்ரேஜ்தான் வேண்டும். பிடிப்புக்காக இரும்புச் சங்கிலி மாட்டுபவர்கள் உண்டு. தாரிலும் கிறவலிலும் மாட்டலாம், இன்டர்லொக்கிலும் அச்சுச் சீமெந்திலும் வேண்டாம்.

உயரம் வைக்கும் வேலை அரை மணித்தியாலம். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கராஜின் சமதரையில் நிறுத்துங்கள். முதலில் இரண்டு ரயரிலும் காற்றை அளந்து சமமாக்குங்கள். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் வாளி சரிந்து, ஒரு முனை சுரண்டும், மறுமுனை பனியை விட்டுப்போகும். பிறகு சுரண்டுபட்டையின் இரு முனைக்கும் அடியில் உங்கள் தரைக்கேற்ற தடிப்பில் ஆளுக்கொரு துண்டு வையுங்கள். தாருக்குப் பெயின்ற் கலக்கும் குச்சி போதும், கிறவலுக்குப் பலகைத் துண்டு. சப்பாத்தின் நட்டுகளைத் தளர்த்தி, அது முழுத்தட்டையாகத் தரையில் இருக்க விட்டு, இறுக்குங்கள். துண்டை உருவினால் முடிந்தது. பல சப்பாத்துகளை ஒரு பக்கம் தேய்ந்தபின் புரட்டி மாட்டலாம். சுரண்டுபட்டையும் தேயும், அது தேய்ந்து போவதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்துத் தேய்வது வாளியே, அதை எளிதில் மாற்ற முடியாது.

ஓட்டும்போது இயந்திரமே பேசும். அடிக்கடி முட்டி நின்றால் சப்பாத்தை இன்னும் இறக்க வேண்டும். பின்னால் தடித்த பனிப்படை விட்டுப்போனால் ஏற்ற வேண்டும். இறுகிய பனியின் மேல் வாளி ஏறி மிதந்தால் குற்றம் சப்பாத்தில் இல்லை, வேகத்தைக் குறையுங்கள். நகரசபை வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போகும் கட்டிப் பனிக்கும் அதே மருந்து. அதை வீதிக்குத் திருப்பி எறியும் ஆசை எல்லோருக்கும் வரும்; ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு இடம் தராது.

குழல் அடைத்தால் கையை மட்டும் விடாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் அடைபட்ட விசிறியில் விசை தேங்கி நிற்கும், பனியை எடுத்த கணம் அது சுற்றும். இயந்திரத்தோடு வரும் பிளாஸ்ரிக் கோல் அதற்காகத்தான்.

கடைசியாக ஒரு சின்னச் செலவு. திருகு கல்லில் மாட்டும்போது தான் உடைந்து கியர்ப்பெட்டியைக் காப்பாற்றும் ஆணிக்கு ஷியர் பின் என்று பெயர். அது உடைந்தால் கையில் கிடைத்த போல்ற்றைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அந்த போல்ற் உடையாது, கியர்தான் உடையும். உங்கள் மாதிரிக்குரிய பின் நாலைந்து வாங்கி, ஸ்பானரோடு சேர்த்து இயந்திரத்துப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். சப்பாத்து வேலையையும் ஒக்ரோபருக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரியில் கையுறையைக் கழற்றிவிட்டு நட்டுத் திருப்புவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.