ஹைப்பர்வைசரைத் தானாக நிறுவுதல்

முன்னுரை

ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பதுபோல, ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இயங்க முடியும். அவ்வாறு குடியிருக்கும் ஒவ்வொன்றும் மெய்நிகர் கணிப்பொறி எனப்படும். அவற்றுக்கு நினைவகத்தையும், செயலியின் நேரத்தையும், வட்டின் இடத்தையும் பங்கிட்டுத் தரும் மென்பொருளே ஹைப்பர்வைசர். ஐபிஎம் நிறுவனம் 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் இதனைத் தன் பெரிய கணிப்பொறிகளுக்கு வழங்கியது. 1998-இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம் 2001-இல் சாதாரண சர்வர்களுக்கும் இதனைக் கொண்டுவந்தது. 2023 முதல் பிராட்காம் நிறுவனத்திடம் உள்ள இஎஸ்எக்ஸ்ஐ என்ற ஹைப்பர்வைசரைப் பல சர்வர்களில் தானாக நிறுவும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

கையால் நிறுவுவதில் உள்ள இடர்

இஎஸ்எக்ஸ்ஐயை நிறுவும் மென்பொருள் சில கேள்விகளைக் கேட்கும். உரிம ஒப்பந்தத்தை ஏற்கிறீர்களா? எந்த வட்டில் நிறுவ வேண்டும்? நிர்வாகியின் கடவுச்சொல் யாது? ஒருவர் திரைமுன் அமர்ந்து இவற்றுக்கு விடை தர வேண்டும். ஒரு சர்வருக்கு அரை மணி எனக் கொண்டால், 40 சர்வர்களுக்கு 20 மணி நேரம் ஆகும். காலம் வீணாவது மட்டுமன்று. ஏழாவது சர்வரில் ஓர் எண் மாறும், முப்பதாவதில் ஓர் அமைப்பு விடுபடும். ஒன்றுபோல் இருக்க வேண்டியவை வெவ்வேறாகிவிடும். எங்கே மாறியது என்பதற்குச் சான்றும் இராது.

முன்கூட்டியே எழுதும் விடைகள்

இக்கேள்விகளுக்கான விடைகளை ஒரு கோப்பில் எழுதிவைப்பதே கிக்ஸ்டார்ட் முறை. ரெட் ஹாட் லினக்ஸில் இது முன்பே பழக்கமானது. கோப்பின் ஒரு வரி ஒப்பந்தத்தை ஏற்கும். 'இன்ஸ்டால்' என்னும் வரி வட்டைக் குறிக்கும். 'ரூட்பிடபிள்யூ' கடவுச்சொல்லையும், 'நெட்வொர்க்' முகவரியையும் தரும். 'ரீபூட்' என்பது வேலை முடிந்ததும் சர்வரை மறுபடி தொடங்கச் சொல்லும். நிறுவிய பின் முதன்முறை இயங்கும்போது செய்ய வேண்டியவற்றை 'ஃபர்ஸ்ட்பூட்' என்னும் பகுதியில் எழுதலாம். ஆனால் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அப்பகுதி செயற்படாது.

இக்கோப்பு சர்வரைச் சென்றடைவது எப்படி? மின்சாரம் வந்ததும், சர்வரின் வலையமைப்பு அட்டை பிஎக்ஸ்இ என்னும் முறையில் ஒரு முகவரி வேண்டும் என அறிவிக்கும். டிஎச்சிபி சர்வர் முகவரியைத் தந்து, தொடக்க நிரல் இருக்கும் இடத்தையும் சொல்லும். அந்நிரல் டிஎஃப்டிபி வழியே வந்து, நிறுவும் மென்பொருளை ஏற்றும். அதன் அமைப்புக் கோப்பில் எழுதியுள்ள ஒரு வரி, விடைக்கோப்பு எங்கே உள்ளது எனக் காட்டும். பெயரும் முகவரியும் மட்டும் மாறும்படி, சர்வருக்கு ஒரு கோப்பு வீதம் சிறு நிரல் கொண்டே உருவாக்கிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

வசதி எவ்வளவோ ஆபத்தும் அவ்வளவே. கையால் நிறுவுபவர் தவறான வட்டைக் கண்டால் நிறுத்திவிடுவார். கோப்போ எதையும் நின்று கேட்பதில்லை.

'ஃபர்ஸ்ட்டிஸ்க்' என்னும் சொல், முதலில் கிடைக்கும் வட்டில் நிறுவச் சொல்கிறது. சர்வரிலுள்ள வட்டு, வலையமைப்புச் சேமிப்பகம், யுஎஸ்பி என்பதே அதன் தேடல் வரிசை. சர்வரின் சொந்த வட்டு பழுதடைந்திருந்தால், அடுத்ததான பொதுச் சேமிப்பகத்தை அது எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் மற்றச் சர்வர்களின் மெய்நிகர் கணிப்பொறிகள் இருக்கும். பழைய சேமிப்புப் பகுதியை அழித்தெழுது என்ற சொல்லும் உடனிருந்தால், பலருடைய பணிகள் நொடியில் மறையும். எனவே 'லோக்கல்' என்ற வரையறையைச் சேர்ப்பதும், நிறுவும்போது பொதுச் சேமிப்பகத்தின் இணைப்பைத் துண்டித்து வைப்பதும் இன்றியமையாதவை.

இன்னும் இரண்டு உண்டு. சர்வர் எப்போதும் வலையமைப்பிலிருந்தே தொடங்குமாறு விடப்பட்டால், ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் புதிதாக நிறுவத் தொடங்கிவிடும். கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதினால், அக்கோப்பை எட்டும் எவரும் படித்துவிடுவர். ஆகையால் அதனை மறையாக்கிய வடிவில் எழுத வேண்டும்.

முடிவுரை

கையால் செய்யும் பிழை ஒரு சர்வரோடு நிற்கும். கோப்பில் நேரும் பிழை 40 சர்வர்களுக்கும் பரவும். ஆனால் கோப்பைப் பலர் படித்துத் திருத்த முடியும். கை செய்த வேலையை அப்படிப் படிக்க முடியாது. 'டிரைரன்' என்ற கட்டளை, எதையும் நிறுவாமல் கோப்பை மட்டும் சோதித்துத் தரும். அதன்பின் ஒரே ஒரு சர்வரில் நிறுவிப் பார்த்து, பிறகே மற்றவற்றுக்குச் செல்ல வேண்டும். ஒரு மெய்நிகர் கணிப்பொறிக்குள்ளும் இஎஸ்எக்ஸ்ஐயை நிறுவிப் பயில முடியும். கணிப்பொறியியல் பயிலும் நண்பர்கள், இழப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தில் முதலில் பழகிக்கொள்வார்களாக.