மூன்றாவது வழக்கு வந்தால் ஆயுள் தண்டனையா?

அமெரிக்காவில் குற்ற வழக்கு என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "மூணு தடவை மாட்டினா ஆயுள்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். பாதிக்குமேல் பொய். 'முதல் இரண்டுக்குப் பயமில்லை' என்று அதிலிருந்து பிறக்கும் ஆறுதல் பொய்யைவிட ஆபத்தானது.

நம்பிக்கை: மூன்று குற்றம் சேர்ந்தால் ஃபெடரல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுக்கும்.

உண்மை: இந்தப் பேச்சைப் பிரபலமாக்கியது கலிஃபோர்னியா. அங்கே 1994-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை விழுந்தது. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2012-இல் கலிஃபோர்னிய வாக்காளர்களே அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதையெல்லாம் பார்க்காமல் ஒரு மாநிலத்தின் பழைய கதையை ஃபெடரல் நீதிமன்றத்தின் தலையில் கட்டுகிறோம்.

ஃபெடரல் சட்டத்திலும் அதே 1994-இல் ஓர் ஆயுள் தண்டனைப் பிரிவு வந்தது. ஆனால் இப்போது செய்த குற்றம் கொலை, கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற கடும் வன்முறையாக இருக்க வேண்டும். முந்தைய இரண்டு தண்டனைகளில் ஒன்றாவது அதே ரகக் குற்றத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். மற்றது கடும் வன்முறைக்கோ பெரிய போதைப்பொருள் குற்றத்துக்கோ வாங்கியதாக இருக்க வேண்டும். செக் மோசடியும் கடைத் திருட்டும் எத்தனை சேர்ந்தாலும் இந்தப் பிரிவுக்குள் வராது.

துப்பாக்கி வழக்குகளில் இன்னொரு 'மூன்று' உண்டு. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடுத்த ஒருவர் அதோடு பிடிபட்டு, வன்முறைக்கோ பெரிய போதைப்பொருள் குற்றத்துக்கோ மூன்று முன்தண்டனை பெற்றவராகவும் இருந்தால், குறைந்தபட்சம் 15 ஆண்டு. இங்கும் வெறும் எண்ணிக்கை செல்லாது. மூன்றும் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நடந்திருக்க வேண்டும். வூடன் என்பவர் ஒரே இரவில், ஒரே கட்டடத்தில் பத்துச் சேமிப்பறைகளில் திருடியவர். அதைப் பத்தாக எண்ணி, பின்னாளில் துப்பாக்கி வழக்கில் அவருக்கு ஏறக்குறைய 16 ஆண்டு விதித்தார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் அது ஒரே சந்தர்ப்பம்தான் என்றது. சந்தர்ப்பம் ஒன்றா பலவா என்று முடிவுசெய்வது நீதிபதி அல்ல, ஜூரிதான் என்று 2024-இல் எர்லிங்கர் என்பவரின் வழக்கில் அதே நீதிமன்றத்தில் தீர்ப்பானது.

சரி, அப்படியானால் முதல் இரண்டுக்கும் பயமில்லையா? இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்றே போதும். பெரிய அளவு போதைப்பொருள் கடத்தலுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு. 12 மாதத்துக்கு மேல் சிறையில் கழித்த கடும் போதைப்பொருள் முன்தண்டனை ஒன்று இருந்து, வெளியே வந்து 15 ஆண்டுக்குள் மறுபடி அகப்பட்டு, அரசுத் தரப்பும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தால் 10 ஆண்டு 15 ஆகிவிடும். அப்படி இரண்டு இருந்தால் 25. 2018-இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்த 25-க்குப் பதில் ஆயுள் இருந்தது.

சாதாரண வழக்குகளிலும் பழைய தண்டனைக்குப் புள்ளி போடுகிறார்கள். ஃபெடரல் தண்டனை வழிகாட்டி அட்டவணையில், கடுமையின்படி 24-ஆம் நிலையில் வரும் குற்றத்துக்கு, முன்தண்டனை இல்லாதவருக்கு 51 முதல் 63 மாதம். புள்ளிகள் சேர்ந்து முன்தண்டனை வரிசையில் ஆறாம் பிரிவுக்குப் போனவருக்கு 100 முதல் 125 மாதம். 2005 முதல் இந்த அட்டவணை நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் கணக்கு இன்றும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நம்பிக்கை: ஜெயிலுக்கே போகவில்லை, அதனால் கணக்கில் வராது.
உண்மை: வெறும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் பொதுவாக ஒரு புள்ளி உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குக்கும் உண்டு. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதாமல் விட்ட வழக்கும் தப்பாது.

நம்பிக்கை: பழைய வழக்கு காலாவதியாகிவிடும்.
உண்மை: புள்ளிக் கணக்கில் 10 அல்லது 15 ஆண்டு எல்லை உண்டு. துப்பாக்கிச் சட்டத்தின் 15 ஆண்டுத் தண்டனைக்கு அப்படி எந்த எல்லையும் கிடையாது.

நம்பிக்கை: இந்தியாவில் வாங்கிய தண்டனையும் சேரும்.
உண்மை: வெளிநாட்டுத் தண்டனைக்குப் புள்ளி இல்லை. நீதிபதி அதைக் கருத்தில் கொள்ளலாம், அவ்வளவே.

நம்பிக்கை: கைதானாலே கணக்கு ஏறும்.
உண்மை: ஏறாது. கைது வேறு, தண்டனை வேறு.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். தண்டனை விதிக்கும் முன் நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தயாரிப்பார். பழைய வழக்குகளும் புள்ளிகளும் அதில்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் சட்ட ஞானத்தைக் கேட்கும் ஆட்கள் இந்த அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு பழைய வழக்குக்கும் நீதிமன்றச் சான்றுள்ள நகலை வாங்கித் தரும்படி வழக்கறிஞரை விடாமல் கேளுங்கள். பிழை இருந்தால், அறிக்கை கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.