புல்லி மாற்றப் போகும் தம்பிக்குச் சில வார்த்தைகள்

1. வாங்கும் முன் எது என்ன என்று கேள். 'பர்ஃபாமன்ஸ் புல்லி' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று, கம்பெனி புல்லியின் அதே விட்டத்தில் அலுமினியத்தில் கடைந்தது; எடை மட்டும் குறையும். மற்றதில் கிராங்க் புல்லியின் விட்டமே சிறியது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் எல்லாம் மெதுவாகச் சுற்றும். இரண்டின் லாபமும் வேறு, வம்பும் வேறு.

2. எடைக் கணக்கை நீயே போட்டுப் பார். ஒன்றரைக் கிலோ குறைகிறது, அந்த எடை மையத்திலிருந்து சராசரியாக 6 செ.மீ. தள்ளி இருந்தது, டயரின் ஆரம் 28 செ.மீ. என்று வைத்துக்கொள். ஃபர்ஸ்ட் கியரில் இன்ஜின் 14 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்றால், வண்டியிலிருந்து 13 கிலோ இறக்கி வைத்த மாதிரி. ஐந்தாவது கியரில் இன்ஜினுக்கு மூன்று சுற்றுதான். அங்கே ஒரு கிலோகூடத் தேறாது. ஒரே வேகத்தில் போகும்போது பலன் எதுவுமே இல்லை, டாப் ஸ்பீடும் கூடாது. இதே கணக்கில், 10 செ.மீ. ஆரத்தில் பிளைவீல் 3 கிலோ இளைத்தால் ஃபர்ஸ்ட் கியரில் 75 கிலோ இறக்கியதற்குச் சமம். ஆனால் பிளைவீலைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; கிளட்சுக்காக அதை இறக்கும் நாள் வரட்டும், அன்றைக்குப் பேசலாம்.

3. பத்து குதிரைசக்தி கூடியது என்று டைனோ சீட்டைக் காட்டுவார்கள். இன்ஜின் சூடு கொஞ்சம் மாறினாலே அடுத்தடுத்த ஓட்டத்தில் எண் மாறும். எடை குறைந்த புல்லிக்கு மட்டும் பத்து என்றால் நான் நம்ப மாட்டேன்.

4. சிறிய புல்லி உண்மையாகவே சக்தியை மிச்சம் பிடிக்கும். வாட்டர் பம்ப் இழுக்கும் சக்தி அதன் வேகத்தின் முப்படியோடு ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் இழுவை ஏறக்குறைய பாதியாகும். 6000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறவனுக்கு இது நல்ல செய்தி. ஏப்ரல் மாதம் அவினாசி ரோடு சிக்னலில் ஏசி போட்டு நிற்கிறவனுக்கோ தண்ணீர் சுற்றுவது குறையும், ஏசி குளிராது, ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்கும், பேட்டரி சார்ஜ் ஏறாது. பவர் ஸ்டீயரிங்கும் வாட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடும் புது வண்டி என்றால் மிச்சம் பிடிக்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

5. இதைக் கவனமாகக் கேள். பல வண்டிகளில் கிராங்க் புல்லி வெறும் புல்லி அல்ல, டேம்பர். நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் நூலிழை முறுக்கிக்கொண்டு திரும்பும். பின்பக்கம் பிளைவீல் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் துள்ளும். குறிப்பிட்ட சில ஆர்பிஎம்மில் அந்தத் துள்ளல் பெருகும், அதை விழுங்கத்தான் ரப்பர். நீளமான கிராங்க் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் இந்தத் தொல்லை அதிகம். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற இன்ஜினியர் 1910 வாக்கிலேயே இதற்கு டேம்பர் செய்தார். கட்டி அலுமினியத்தை அந்த இடத்தில் மாட்டினால் அந்தத் துள்ளலின் அடி ஆயில் பம்ப் கியருக்கும் பேரிங்குக்கும் போகும், கடைசியில் கிராங்குக்கே போகும். 'மாட்டி ஒரு வருஷம் ஆச்சு, வண்டி ஸ்மூத்தா ஓடுது' என்பது சாட்சியாகாது. இது முறுக்கு அதிர்வு. சீட்டில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது. அமெரிக்க டிராக் (drag) ரேஸில் வேகமான வண்டிகளுக்கு எஸ்எஃப்ஐ 18.1 என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள டேம்பர் கேட்கிறார்கள். குதிரைசக்திக்கு உயிரை விடும் அவர்களே அதைக் கழற்றிப் போடவில்லை. எடை குறைய வேண்டுமென்றால், உன் இன்ஜினுக்கென்றே செய்த டேம்பரோடு வரும் புல்லியாகத் தேடு. விலை கடிக்கும்.

6. மாட்டுவதிலும் நிதானம் வேண்டும். கிராங்க் போல்ட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்காதே; மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கு. புது போல்ட் போடச் சொல்லியிருந்தால் போடு. சில புல்லிகளில் சென்சார் படிக்கும் பற்கள் இருக்கும், அவை புதியதிலும் இருக்கிறதா பார். விட்டம் மாறினால் பெல்ட் நீளமும் மாறும்.

7. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ ரேஸ் ஓட்டி, அடிக்கடி இன்ஜினைப் பிரித்து கிராங்கில் விரிசல் பார்க்கிறவன் என்ன வேண்டுமானாலும் மாட்டட்டும். தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு அந்தக் காசை நல்ல டயரில் போடு.

8. வண்டி பழையதென்றால், முதலில் இருக்கிற புல்லியைச் சோதி. ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை பெயின்டில் ஒரு நேர்கோடு இழு. ஒரு வாரம் ஓட்டிவிட்டு பானெட்டைத் திற. கோடு உடைந்து விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது; உனக்குத் தேவை கம்பெனியின் புது டேம்பர் புல்லிதான்.