கை, கால், வாயில் கொப்புளமா?

கலவான பக்கத்து லயங்களில் காம்பராக்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய் நோய் வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் சுலபமாகத் தொற்றும்.

1. உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கைப் பாருங்கள்; இந்த நோயில் கொப்புளம் அங்கேதான் வரும். கொப்புளிப்பானில் கொப்புளம் நெஞ்சிலும் முதுகிலும்தான் அதிகம்.

2. எந்த வைரஸ் என்று அறிய அலையாதீர்கள். பெரும்பாலும் கொக்சாக்கி ஏ16 அல்லது ஏ6. தொண்டைச் சளியிலோ மலத்திலோ பிசிஆர் செய்தால்தான் பிரித்தறியலாம். பிரித்தறிந்தாலும் வீட்டுப் பராமரிப்பு மாறாது. ஏ6 என்றால் சில வாரம் கழித்து நகம் கழன்று விழலாம். பயம் வேண்டாம், மறுபடி வளரும்.

3. தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கொழுந்து நிறுக்கும் நேரம் வரை பொறுக்கவே கூடாது. மூளையைத் தாக்கும் என்டரோவைரஸ் 71 ஆக இருக்கலாம். 1998இல் தாய்வானில் 78 பேர் இறந்த தொற்றில் பெரும் பங்கு இதனுடையது.

4. மலம் கழுவிவிட்ட கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் விட்ட பின்பும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும்.

5. ஆறிய கஞ்சி, இளநீர் அடிக்கடி கொடுங்கள்; புளிப்பும் உறைப்பும் புண்ணை எரிக்கும். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது பிள்ளையின் ஈரலையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.