சொந்தக் காணியில் மரம் வளர்த்தலும் தறித்தலும்

கமக்காரரின் காணியிலே நிற்கும் நன்மரம் அவருக்கு ஒரு சேமநிதியாகும். விளைவு பொய்த்த போகத்திலும், வீடு கட்டுங் காலத்திலும் அது கைகொடுக்கும். எனினும், சொந்தக் காணியில் நிற்கின்றதென்ற காரணத்தினால் மாத்திரம் எம்மரத்தையும் நினைத்தவுடன் தறித்துவிடலாகாது.

நடுகை

வயல் வரம்பில் உயர்ந்து வளரும் மரங்களை நடுதல் நன்றன்று. அவற்றின் நிழலால் நெற்பயிர் நலிவுறும். தேக்கு, வேம்பு, பலா முதலியவற்றை வீட்டு வளவிலும் மேட்டுக் காணியின் எல்லையிலும் நடலாம். தேக்குக்கு நீர் தேங்காத நிலமே ஏற்றது. வேலிக்குப் பூவரசும் சீமைக்கிளுவையும் உகந்தவை. அவற்றின் குழையை வயலுக்குப் பசளையாக இடலாம். எல்லையில் நிற்கும் மரம் எவருக்குரியது என்பதை அயலவருடன் முன்னரே தீர்த்துக்கொள்ளுதல் பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும்.

தறித்தற்கு அனுமதி

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தல் குற்றமாகும். இவை உணவளிக்கும் மரங்கள். பனை பூக்கும்வரை ஆணோ பெண்ணோ என்று அறிய முடியாது; பூப்பதற்கோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகலாம். ஒரு நாளில் வீழ்த்தப்படும் பெண் பனையின் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை வேண்டும்.

அனுமதி வேண்டுவோர் தம் பகுதிக் கிராம அலுவலர் மூலமாகப் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பித்தல் வேண்டும். காணி உறுதியையும், தறிப்பதற்கான காரணத்தையும் காட்ட ஆயத்தமாயிருத்தல் நன்று.

ஏற்றிச் செல்லுதல்

தறிக்கும் அனுமதி வேறு. மரத்தை வீதியால் ஏற்றிச் செல்லும் அனுமதி வேறு. விலக்களிக்கப்பட்ட சில இனங்கள் தவிர, ஏனையவற்றுக்கு வழி அனுமதிப்பத்திரம் வேண்டும். அஃதின்றிச் சென்றால் மரம் கைப்பற்றப்படுவதுடன், வாகனமும் பறிமுதலாகலாம். எந்த மரத்துக்குப் பத்திரம் வேண்டுமென்பதைப் பிரதேச செயலகத்திலோ வன அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டறிக.

விற்பவர் கவனத்துக்கு

“அனுமதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்னும் வியாபாரியின் சொல்லை மாத்திரம் நம்பி மரத்தைத் தறிக்க விடலாகாது. வழியில் மரம் பிடிபட்டால், காணிக்காரரும் விசாரணைக்கு நிற்க நேரிடும். பணமும் கைக்கு வாராது போகலாம். ஆகவே, அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே மரத்திற் கோடரி படவேண்டும்.

ஒரு மரத்தைத் தறிக்குமுன் இரண்டு கன்றுகளை நட்டுப் பேணுதல் நற்கமக்காரரின் வழக்கமாகட்டும்.